திருவிழாத் திரையில் ஓடியது திருட்டுப் பிரதிதான்

எங்கள் ஊர்த் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு கோயில் திடலில் நடந்ததையும், அதைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்கு வந்த ஏச்சுகளையும் பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள். நீக்கச் சொன்னார்கள், நீக்கவில்லை. வெளியாகி ஒன்பது நாள்கூட ஆகாத படத்தை, யாரோ திரையரங்கில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எடுத்த பிரதியை, ஒரு திருட்டுத் தளத்திலிருந்து மடிக்கணினி வழியாகப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். அது திருட்டு. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

முன்வரிசைப் பாயில் என் மடியில் சாய்ந்திருந்த ஏழு வயது அக்கா மகன், திரையின் மேல் விளிம்பில் ஓடிக்கொண்டே இருந்த சூதாட்டச் செயலி விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சித்தி, இதுல பணம் போட்டா ரெட்டிப்பா தருவாங்களா?" என்று கேட்டான். இலவசம் இலவசம் என்கிறீர்களே, அந்த இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார் என்பது அந்தக் குழந்தை வாசித்த வரியில் இருக்கிறது.

"தடுக்க வேண்டியது அரசாங்கம், எங்களிடம் ஏன் பாய்கிறாய்?" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். தடுக்காமல் இல்லை. 2018 நவம்பரில் '2.0' படம் வெளியாகும் முன்பே சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்கச் சொன்னது. முடக்கிய தளம் வேறு முகவரியில் முளைத்தால் புது வழக்குப் போடாமலே அதையும் பட்டியலில் சேர்க்க 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் வழிசெய்தது. 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டத்தின்படி, திரையரங்கில் திருட்டுத்தனமாகப் படம்பிடித்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. வரப்பில் ஒரு நண்டு வளையை அடைத்தால் விடிவதற்குள் பக்கத்தில் இன்னொரு வளை இருக்கும் என்பது வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். நண்டைத் திட்டலாம், ஆனால் அந்த வளை வழியே கசிகிற தண்ணீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்பவரை என்னவென்று சொல்வது?

"நடிகருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், அவருக்கு என்ன நட்டம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நான் நடிகருக்காகப் பேசவில்லை.

இன்னொரு தம்பி சொன்னது நியாயம். மன்னார்குடிக்குப் போய்க் குடும்பத்தோடு படம் பார்த்தால் ஆயிரம் ரூபாய் போதவில்லை, இரவுக் காட்சி விட்டால் ஊர் திரும்பப் பேருந்தும் இல்லை. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி, நம் ஊரிலேயே ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. என் அப்பா அங்கே 22 ஆண்டுகள் ஆப்பரேட்டர். படம் ஓட்டும் கருவிக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிந்து குறையக் குறைய, நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே திருகித் திருகி நெருக்கிக்கொண்டிருப்பார். கொஞ்சம் அசந்தாலும் திரை மங்கிவிடும், கீழேயிருந்து விசில் வரும். அதனால் அவர் எந்தப் படத்தையும் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. பிறகு படம் வந்த மூன்றாம் நாளே கேபிளில் இரவு பத்து மணிக்குப் போட்டார்கள், பேருந்து நிலையத்தில் திருட்டு விசிடி விற்றார்கள். 2004-இல் அவர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது எங்கள் கொட்டகையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அப்பா அதே கட்டடத்துக்குக் காவலாளி ஆனார். நீங்கள் சொல்லும் பேருந்து இல்லாத தூரம் அப்படித்தான் வந்தது.

அன்று மடிக்கணினியோடு நின்ற மாமாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறுவயதில் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நீங்கள் வந்து நின்றபோதெல்லாம் அப்பா உங்களை ஆப்பரேட்டர் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார். மறுநாள் நான் பேசியதற்கு, "கொட்டகைக்காரன் மகளுக்கு என்ன இவ்வளவு வாய்?" என்று கேட்டது நீங்கள்தான். கொட்டகை வேறொருவருடையது, மாமா. அப்பா அங்கே வாங்கியது மாதச் சம்பளம்.

அந்தத் திரையை மறுபடியும் கட்டினால் அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு எங்கள் வீட்டுப் பங்கான தலைக்கட்டு வரியை நான் தர மாட்டேன். நாடகம் வைத்தால் இரண்டு பங்கு தருகிறேன். ஊர்க்கூட்டத்தில் வந்தும் சொல்கிறேன்.