மொத்தத் தொகையை மட்டும் பார்த்து வி.ஆர்.எஸ். எழுதாதீர்கள்

பொதுத்துறையில் விருப்ப ஓய்வுத் திட்டம் (வி.ஆர்.எஸ்.) வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "மொத்தமா எவ்வளவு வரும்?" என்பதைத்தான். அதோடு யோசனையை நிறுத்திக்கொண்டால் ஆபத்து.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், 60 வயதுக்கு மிச்சமுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம் என்பது எக்ஸ்கிரேஷியா, அதாவது கருணைத் தொகைக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் இதில் சேரும்.

55 வயது, 30 வருட சர்வீஸ் என்று வையுங்கள். 1,050 நாளும் 125 நாளும் சேர்ந்து 1,175 நாள் சம்பளம். அவருக்கு மிச்சமிருப்பதோ 1,825 நாள். அதாவது வேலை பார்க்காமலே, மிச்சமுள்ள காலச் சம்பளத்தில் சுமார் 64 சதவீதம் கைக்கு வருகிறது. அரசு ஓய்வூதியம் உள்ளவர் என்றால் மறுநாளிலிருந்தே பாதிச் சம்பளம் பென்ஷனாக வேறு வரும். அவர் எழுதிக் கொடுத்தது சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே படிவத்தை 50 வயதில், 25 வருட சர்வீஸோடு ஒருவர் நிரப்பினால்? 1,125 நாள் சம்பளம். பார்க்கப்போனால் கிட்டத்தட்ட முன்னவருக்குக் கிடைத்த அளவுதான். ஆனால் இவர் விட்டுக்கொடுப்பது 3,650 நாளை! எக்ஸ்கிரேஷியாவையும் பென்ஷனையும் கூட்டினாலும் சம்பளத்தில் 81 சதவீதத்தைத் தாண்டாது. வீட்டு வாடகைப்படி போவது தனி.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பென்ஷன் கடைசிச் சம்பளத்தின் மீதுதான் நிர்ணயமாகிறது. வருடம் 3 சதவீத இன்கிரிமென்ட் என்று வைத்தால், பத்து வருடம் முன்னால் போகிறவரின் அடிப்படைப் பென்ஷன் கால் பங்குக்கு மேல் குறைகிறது, அதுவும் ஆயுள் முழுக்க. அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் அதே சம்பளத்தை வைத்துத்தான். அதனால் இந்த முடிவை வீட்டில் இருவரும் உட்கார்ந்து எடுக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் செக்‌ஷனில் பத்துப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பதினோராவது ஆளாகப் போய் நிற்கக் கூடாது.

பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷனும் அந்தத் திட்டத்தில் 60 வயது ஆன பிறகுதான். பெண் கல்யாணத்துக்கு அதை நம்பியிருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்கிரேஷியாவில் வருமான வரி விலக்கும் 5 லட்சம் வரைதான்.

பி.எஃப். சார்ந்த ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ். 95-ல் இருப்பவர்கள் நிலைமை வேறு. முழுச் சம்பளத்துக்கும் பங்களிப்புக் கட்டாதவர்களுக்குப் பென்ஷன் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதையே முழுதாக எடுத்தாலும் 28 வருட சர்வீஸுக்கு மாதம் 6,000 ரூபாய்தான். 58 வரை பொறுக்காமல் முன்கூட்டியே வாங்கினால் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 52 வயதில் எடுத்தால் 4,560. பஞ்சப்படி கிடையாது, வெட்டியது திரும்பவும் வராது. இவர்கள் எக்ஸ்கிரேஷியாவை வைத்தே ஆறு வருடத்தை ஓட்ட முடிந்தால் மட்டும் வி.ஆர்.எஸ். பக்கம் போகலாம். 58 வரை பென்ஷனைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திட்டம் எந்த நிறுவனத்தில் வந்தாலும், விருப்பப் படிவத்தோடு ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கேளுங்கள்: இன்று போனால் 75 வயது வரை என்ன வரும், இருந்து ஓய்வு பெற்றால் என்ன வரும், மனைவிக்கோ கணவருக்கோ என்ன மிஞ்சும். சம்பளப் பட்டியல் போடுகிற கணினியே அதைக் கொடுத்துவிடும். அது கைக்கு வரும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அலுவலக வாயில் கூட்டத்திலேயே சொல்லுங்கள், தோழர்களே.