ஜெபக்குறிப்பு என்ற பெயரில்

வெள்ளிக்கிழமை நம் சபை வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த "ஜெபக்குறிப்பு" எது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு பெண் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அவளுக்காக ஜெபிக்க, அவள் எத்தனை பவுன் போட்டுக்கொண்டு போனாள் என்பது எதற்கு? டாக்டர் என்ன சொன்னார் என்பது எதற்கு? ஆண்டவருக்கு அதெல்லாம் தெரியாதா?

அது ஜெபக்குறிப்பு இல்லை, கோள். கடைசியில் ஆமென் போட்டாலும் கோள்தான்.

"அப்போ தப்பை மூடி மறைக்கச் சொல்கிறீர்களா?" என்பீர்கள். இல்லை. மத்தேயு 18-இல் இயேசு வழியைச் சொல்லியிருக்கிறார். முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபை. நம்மிடம் முதலில் சபைக்குத் தெரிகிறது, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில். யாராவது ஒரு பிள்ளையைத் துன்புறுத்தினால் போலீஸில் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள், அது கோள் ஆகாது. ஆனால் இந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்?

"சும்மா பேசினதுக்கு இவ்வளவா?" என்பவர்கள் ரோமர் 1-ஐ எடுத்து வாசியுங்கள். கொலையைச் சொல்லும் அதே பட்டியலில்தான் புறங்கூறுகிறவர்களையும் பவுல் வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நான் பத்தாவது படித்த வருஷம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு அப்பாதான் கணக்கு. அரிசி, ஆடு, விறகு, வாழையிலை என்று ஒவ்வொரு ரசீதையும் நூலில் கோத்து மஞ்சள் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தார். பணத்தில் கைவைத்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வீட்டுக்கு வந்து "கணக்கைக் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்டிருந்தால் போதும். பை அங்கேயேதான் தொங்கியது. பிறகு கணக்குப் பார்த்தபோது ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. ஆனால் முன் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பாடின மனுஷன், அதற்கப்புறம் சாகிறவரைக்கும் செருப்பு கிடக்கும் வாசலோரப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். வாய் அசையும், சத்தம் வராது. ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடக்கத்துக்கு மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

"நீ பேசினதே இல்லையா?" பேசியிருக்கிறேன். அதனால்தான் "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்று காலையில் ஜெபிக்கிறேன். நான் பேசினேன் என்பதால் நீங்கள் செய்தது சரியாகிவிடுமா? "விறகில்லாமல் நெருப்பு அவியும்" என்கிறது நீதிமொழிகள். எழுதினவர் மட்டுமா விறகு போட்டார்? கீழே கைகூப்பும் படம் போட்டவர்கள், அடுத்த குரூப்புக்கு அனுப்பினவர்கள், எல்லோரும்தான்.

நேற்று அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வெளியே வரவில்லை. காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் அம்மா கேட்டார்கள்: "நீயும் அந்தக் குரூப்பில் இருக்கியாம்மா?"

இருக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமையே வாசித்தேன். நேற்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.