வலிக்குது என்றவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்த வீடியோதான். ஜிம்மில் டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து எடையைக் குனிந்து தூக்கி நிமிரும் பயிற்சி, செய்யும்போது பாரைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட பையன். பின்னாலிருந்து "எந்திரி, இன்னும் நாற்பது செகண்ட் இருக்கு" என்று கத்தும் குரல். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. என் நட்பு வட்டத்திலேயே நாலு பேர் சிரித்திருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிரித்தவர்கள் இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் மூன்று தடவை தூக்கும்போது அவன் முதுகு நேராக இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் விழுகிறது. அதற்கு முன்பே பர்பீ (தரையில் படுத்தெழுந்து குதிப்பது), பாக்ஸ் ஜம்ப் (பெட்டி மேல் தாவுவது) எல்லாம் செய்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். முதுகுத்தண்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் களைத்துவிட்டால், தூக்குகிற பாரம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் மேலும், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மேலும் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டாம், பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். ஆனால் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் பார்த்தது கடிகாரத்தை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. கடிகாரத்தை ஓடவிட்டுக் கனமான எடையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

எனக்கு இது 2019இல் நடந்தது. இருபது நிமிடத்தில் எத்தனை ரவுண்டு முடியுமோ அத்தனை. உடம்பை ஊஞ்சல் மாதிரி வீசி எம்பும் கிப்பிங் புல்-அப். உடம்பை வீசாமல் நிதானமாக ஒரு புல்-அப் கூட எடுக்க வராத என்னை அதில் தொங்கவிட்டார்கள். பதினான்காவது நிமிடம் வலது தோளில் சுருக்கென்றது. "மாஸ்டர், தோள் ஒரு மாதிரி இருக்கு" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், இன்னும் ரெண்டு" என்றார். நானும் செய்தேன். பக்கத்தில் பத்து பேர் கைதட்டும்போது யாரால் இறங்க முடியும்?

தோள் மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து. அதை இடம் மாறாமல் பிடித்துவைப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சின்னத் தசைகள். அதில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேடஸ் என்கிற தசையை எலும்போடு சேர்க்கும் நார் எனக்குப் பாதி கிழிந்திருந்தது. ஏழு மாதம் பிசியோதெரபி. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மேல் ஷெல்ஃபிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க முடியாது. மூன்று வயது மகள் "தூக்கும்மா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்த ஏழு மாதமும் அவளைத் தூக்கியது அவள் அப்பாதான்.

"எல்லா விளையாட்டிலும் அடிபடும்" என்பீர்கள். படும், ஒத்துக்கொள்கிறேன். 2014இல் அமெரிக்காவில் கிராஸ்ஃபிட், அதாவது இப்படிக் கடிகாரம் வைத்து எடையும் தாவலும் கலந்து செய்யும் பயிற்சி, செய்கிற 386 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியானது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டிருந்தது. அதிகம் பட்டது தோளிலும் கீழ்முதுகிலும். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பயிற்சியாளர் கூடவே நின்று கவனித்தவர்களுக்கு அடிபடுவது குறைந்திருக்கிறது. கூட நிற்பது என்றால் கத்துவது இல்லையே.

"நீங்கதான் ஈகோவில் அதிகம் செய்திருப்பீர்கள்" என்று போன தடவை நான் இதை எழுதியபோதே ஒருவர் கமெண்ட் போட்டார். இருக்கட்டும். மாதம் நாலாயிரம் ரூபாய் கட்டியது, என் ஈகோவைத் தடுத்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான்.

"நம்ம தாத்தாவெல்லாம் நெல் மூட்டை தூக்கலையா?" இந்தக் கேள்விதான் என்னை ரொம்பக் கோபப்படுத்துகிறது. என் தாத்தா தூக்கினார். ரைஸ் மில்லில் இருபது வருஷம். ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த மூட்டைக்குப் போவார். அப்படியும் ஐம்பத்தைந்து வயதில் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் திண்ணையில் முனகிக்கொண்டு கிடப்பார். பாட்டி உப்பு ஒத்தடம் கொடுப்பாள். அவர் வலியைப் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வாதத்துக்கு அவரை இழுக்காதீர்கள்.

நான் உடற்பயிற்சிக்கு எதிரி இல்லை. இன்றைக்குக் காலையில்கூட ஸ்குவாட் செய்துவிட்டுத்தான் வந்தேன். வேகமாகச் செய்ய வேண்டுமென்றால் சைக்கிள் இருக்கிறது, ரோயிங் மெஷின் இருக்கிறது, ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. கனமான பாரை மட்டும் ஓய்வெடுத்து, எண்ணி, நிதானமாகத் தூக்க விடுங்கள்.

அந்த ஏழு மாதத்தில் ஜிம்மிலிருந்து ஒரு போன் வரவில்லை. மூன்றாவது மாதம் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். தோளை விட அதுதான் வலித்தது. அந்தப் பையனுக்கும் இப்போது அதுதான் நடக்கிறது, ஆயிரம் பேர் பார்க்க.

தம்பி, இதை யாராவது உன்னிடம் காட்டினால் கமெண்ட்களைப் படிக்காதே. படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு மெல்ல நட. இந்த வாரமே ஒரு நல்ல பிசியோவைப் பார். கால் பலமிழந்தாலோ, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே, நேராக எமர்ஜென்சிக்குப் போ. யாரும் கூட வரவில்லை என்றால் எனக்கு மெசேஜ் போடு, நான் வருகிறேன்.