எத்தனை முறை எழுப்பிவிடுகிறார்கள்?

அடிக்கடி பயணம் போகிற ஆள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஏர்லைன்ஸ் நல்லா இருக்கும்?" சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ் என்று இரண்டு பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது நான் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கதவைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும்வரை என்னை எத்தனை முறை எழுப்பி வரிசையில் நிற்க வைக்கிறார்கள் என்பதுதான் என் கணக்கு. உட்கார்ந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டால் அது நல்ல பயணம். நொடிக்கொரு தரம் கிளப்பிவிட்டால், பிசினஸ் கிளாஸாகவே இருந்தாலும் எனக்கு அது மட்டம்தான்.

அதனால் நேரடி விமானம் இருந்தால், கொஞ்சம் சுமாரான நிறுவனமாக இருந்தாலும் என் ஓட்டு அதற்கே. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, மறுபடி பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை வெளியே எடு என்று சொல்லும் இடைமாற்றத்தை எந்தப் பணிப்பெண்ணின் புன்னகையும் ஈடுகட்டாது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கம் போகும் நேரடி விமானம் 15,000 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. அதில் நியூவார்க்குக்குப் போகிற, மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350 யுஎல்ஆர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது; பிரீமியம் எகானமியும் பிசினஸும்தான். அவ்வளவு நேரம் சாதாரண இருக்கையில் மனிதனை உட்கார வைக்கக் கூடாது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கலாம்! 13, 14 மணி நேரம் வரை நேரடி, அதற்கு மேல் நடுவில் ஓர் இடத்தில் இறங்கி நடப்பது. இது என் முழங்கால் போட்ட சட்டம்.

நிறுவனத்தைவிட நான் அதிகம் ஆராய்வது விமானத்தின் வகையையும் இருக்கை வரைபடத்தையும். ஏ350, போயிங் 787 இரண்டிலும் கேபின் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். ஏ350, 787 இரண்டின் உடற்பகுதியிலும் பெரும்பங்கு கார்பன் இழைக் கலவை என்பதால் ஈரத்தால் அரித்துப்போகும் என்ற பயம் குறைவு. காற்றிலும் ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது தலை கனப்பதும் தொண்டை வறண்டு போவதும் குறைவாக இருப்பதை நீண்ட பயணங்களில் நன்றாகவே உணர்கிறேன்.

அடுத்தது வரிசைக்கு எத்தனை பேர் என்பது. போயிங் 777 வந்த காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 இருக்கைதான் போட்டன. இப்போது பலரும் 10 போடுகிறார்கள். இருக்கையின் அகலம் 18 அங்குலத்திலிருந்து 17-க்கு வந்துவிட்டது. ஓர் அங்குலம்தானே என்று நினைப்பவர்கள் இடைவழி ஓரத்து இருக்கையில் ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும். தோள் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளுவண்டி வரும்போதெல்லாம் முழங்கையில் ஓர் இடி விழும். 787-லும் பெரும்பாலானவர்கள் 3-3-3 என்று 9 போடும்போது, ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச 787-களில் 2-4-2 என்று 8 மட்டும் வைத்திருக்கிறது. அகலம் ஒருபுறம் இருக்கட்டும், 2-4-2 எனக்குப் பிடித்ததற்குக் காரணமே வேறு. அந்த அமைப்பில் யாராக இருந்தாலும் ஒருவரை மட்டும் எழுப்பினால் வெளியே போய்விடலாம். 3-3-3-ல் ஜன்னலோரக்காரர் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேரின் தூக்கம் போகும். ஏ330, ஏ380-இன் மேல்தளம் இரண்டிலும் பெரும்பாலும் இதே 2-4-2-தான். இரட்டை இருக்கையின் ஜன்னலோரம் கிடைத்தால் நான் சாப்பாட்டைக்கூடக் கேட்பதில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரே தூக்கம்.

சாப்பாடு, படம் பார்க்கும் திரை, கொடுக்கிற பை இதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு நிறுவனத்தின் தரம் எல்லாம் சரியாக நடக்கும்போது தெரியாது. பனிமூட்டத்தால் ஒரு விமானம் ரத்தான ராத்திரியில், கவுன்டரிலிருந்த இருவரும் விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் என்ன காட்டினாலும் எனக்கு அந்த இருட்டான கவுன்டர்தான் ஞாபகம் வரும். இதனால் ஐரோப்பாவுக்குப் போகவர வேண்டியிருந்தால் விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை ஐரோப்பிய நிறுவனத்தையே எடுக்கிறேன். அங்கே 2004-இல் போட்ட 261-ஆம் எண் விதிப்படி, விமானம் ரத்தானால் உணவும் தங்குமிடமும் தருவது அவர்கள் கடமை. வானிலை போன்ற காரணம் இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும்போது எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும்போது ஒன்றியத்து நிறுவனங்களுக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமலேயே பலர் டிக்கெட் எடுக்கிறார்கள்.

சரி, விமான நிலையத்தில் சிலருக்கென்று தனியாக இருக்கும் ஓய்வறையான லவுஞ்சுக்கு வருவோம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்ற லவுஞ்சைத் திறந்தபோது, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் போகிற இடமாக அது இருந்தது. இன்றைக்கு லவுஞ்ச் சலுகையுள்ள கிரெடிட் கார்டு இருந்தால் லவுஞ்சுக்குப் போகலாம், போகிறார்கள். கூட்டத்தில் தப்பிக்கக் கட்டிய இடத்தின் வாசலிலேயே இப்போது வரிசை. டெல்டா விமான நிறுவனம் 2022-இல், புறப்பாட்டுக்கு 3 மணி நேரத்துக்கும் முன்னதாக வருபவர்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. 2025-இலிருந்து பல கார்டுகளுக்கு வருடத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பும் வைத்துவிட்டது. இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

லவுஞ்சில் எனக்கு வேண்டியது குளியலறை, நாற்காலிக்குப் பக்கத்தில் பிளக், கேட் வரைக்கும் அதிகத் தூரமில்லாத நடை. அவ்வளவுதான். பளிங்கு, நீரூற்று, விதவிதமான பதார்த்தம் எல்லாம் போட்டுவிட்டு, முழங்கால் உயரத்துக்கு மேசை வைத்திருப்பார்கள். லேப்டாப்பை மடியில் வைத்து, சார்ஜர் கம்பி எட்டாமல், பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் நகருங்க" என்று கேட்க வேண்டியிருக்கும். தோஹாவின் அல் முர்ஜான் மாதிரி பிரமாண்டமான லவுஞ்சுகளை நான் குறை சொல்லவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் அவை வரம்தான். ஒன்றரை மணி நேரமே இருக்கிறவர் தட்டைக் கையில் எடுப்பதற்குள் கிளம்ப வேண்டும். நல்ல விமான நிலையத்தில் லவுஞ்ச் தேவைப்படுவதே குறைவு என்பதற்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் சாட்சி. இலவசத் திரையரங்குகூட உண்டு. ஆனால் அங்கேயும் பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனையைக் கேட் வாசலில்தான் வைத்திருக்கிறார்கள். சுகமாகச் சாய்ந்திருப்பவனை அது முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. 2017-இல் திறந்த நான்காம் முனையத்தில் சோதனை முன்னாலேயே முடிந்துவிடும், அது தேவலை.

ரயில் என்று வந்தால் என் பாரபட்சம் வெளிப்படையானது. ஐந்து மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விட முடிகிற ஊருக்கு விமானத்தில் போவதில் எனக்கு அர்த்தமே தெரியவில்லை. 1964-இல் தொடங்கிய ஜப்பானின் ஷிங்கன்சென் அதிவேக ரயில் இன்றைக்கு டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 515 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்கிறது. சாதாரண வகுப்பிலேயே ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 104 சென்டிமீட்டர், அதாவது 41 அங்குலம். விமான எகானமியில் 31 கிடைத்தால் பெரிது. ரயில் கடைசி நிலையம் சேர்ந்ததும் துப்புரவுக்குழு ஏறி, சில நிமிடங்களில் குப்பையை எடுத்து, மேசைகளைத் துடைத்து, இருக்கைகளை எல்லாம் போகிற திசைக்குத் திருப்பிவிட்டு இறங்கிவிடுகிறது. பயணிகள் ஏறி உட்கார வேண்டியதுதான். ஒசாகா பக்கம் போகும்போது வலப்புறம், 'E' எழுத்துள்ள ஜன்னலோர இருக்கை கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் ஃபூஜி மலை தெரியும்.

ரயிலை விமான நிலையமாக்கும் வேலையும் நடக்கிறது, அதுதான் எரிச்சல். பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டரை வேகமான ரயில் நாலரை மணி நேரத்துக்குள் ஓடிவிடும். ஆனால் நிலையத்தில் ஸ்கேனர், அடையாளச் சோதனை, காத்திருப்பு மண்டபம், கதவு திறந்ததும் முண்டியடித்தல் எல்லாம் உண்டு. ஸ்பெயினின் அதிவேக ரயில்களுக்கும் பையை ஸ்கேன் செய்கிறார்கள். யூரோஸ்டாரில் லண்டனில் ஏறும்போதே பிரெஞ்சு அதிகாரிகளும் பாஸ்போர்ட் பார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கி நேரே தெருவுக்கு நடந்துவிடலாம். வரிசையில் ஒரே தடவை நிற்பது, அதை மன்னிக்கலாம். ஜெர்மனியின் நீண்டதூர ரயில்களைப் பற்றி என்ன சொல்ல? 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுக்காத ஊரில், 2024-இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். நடுவில் ரயில் மாற வேண்டியிருந்தால் அங்கே நான் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுத்தான் எடுப்பேன்.

இரவு ரயில் என்றால் தனி அறை, இல்லாவிட்டால் வேண்டாம். ஆறு பேர் படுக்கும் பெட்டியில் ஒவ்வொரு நிலையத்திலும் யாராவது ஒருவர் பையை உருட்டுவார். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் புதிதாக வந்திருக்கும் ஒற்றையாள் மினி கேபின் இதற்கு நல்ல பதில், உயரமானவர்களுக்குத்தான் இடிக்கும்.

தாமதம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும், அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கலிபோர்னியா செஃபிர் ரயிலுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. சட்டம் பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை சொன்னாலும், நடைமுறையில் சரக்கு ரயிலுக்காக இதுதான் காத்து நிற்கிறது. நிற்கட்டுமே, என்னை யாரும் எழுப்பவில்லையே. கூரை வளைவு வரைக்கும் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்று அதில் இருக்கிறது. சாதாரண இருக்கை டிக்கெட்காரரும் அங்கே போய் உட்கார்ந்து ராக்கி மலையைப் பார்க்கலாம், கார்டு எதுவும் கேட்கமாட்டார்கள். போய்ச் சேரும் நாளில் மட்டும் வேறு எந்த டிக்கெட்டையும் எடுத்து வைக்காதீர்கள்.