பணிச்சுழற்சியும் தோள்பட்டையும்

தொழிலாளி ஷிப்ட் முழுவதும் ஒரே வேலையைச் செய்யாமல், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறி வேறு வேலை பார்ப்பதைப் பணிச்சுழற்சி என்கிறோம். சென்னைப் பகுதித் தொழிற்பேட்டைகளில், அம்பத்தூரானாலும் ஒரகடமானாலும், இதைப் பற்றிப் பேசினால் நிர்வாகங்கள் எளிதில் தலையசைத்துவிடும். செலவில்லாத நலத்திட்டம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் இதை ஆதரிப்பவன்தான், ஆனால் பெயருக்குச் செய்வதை ஆதரிக்க முடியவில்லை.

வாகன அசெம்பிளி லைனில் தலைக்கு மேல் கையை உயர்த்தி போல்ட் முடுக்குபவரை, உயரமான தட்டிலிருந்து பாகங்களை எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினால், அட்டவணையில் வேலை மாறியிருக்கும். அவருடைய தோள்பட்டைக்கு எதுவும் மாறியிருக்காது. எந்த வேலை உடலின் எந்தப் பகுதியை வருத்துகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, தோளுக்கு வேலை கொடுத்த பிறகு காலுக்கு, முதுகை வளைத்த பிறகு உட்கார்ந்து செய்யும் தரப்பரிசோதனைக்கு என்று அடுக்க வேண்டும். அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அந்த லைனில் நிற்பவர். பெரும்பாலும் அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

வேலையே அளவுக்கு மீறிக் கடினமானதாக இருந்தால், சுழற்சி ஒருவரின் முதுகுவலியை நான்கு பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில்தான் முடியும். காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 34ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம், தூக்கும் சூழல் முழுக்கச் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவையே உச்சமாகக் கொள்கிறது. நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ பைகள் கடைக்கு வந்துவிட்டன. வரிக்காக மாறிய எடை முதுகுக்காக மாறாதா?)

கூலிதான் இதில் மிகச் சிக்கலானது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் லோடுமேனிடம், ஒரு மணி நேரம் இலகுவான வேலை பாருங்கள் என்றால், அவர் காதில் அது அன்றைய வருமானத்தில் ஒரு பங்கை விடச் சொல்வதாகத்தான் விழும், அவர் மறுப்பதிலும் தவறில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளருக்கோ, ஒரு வேலைக்கு மேல் கற்றுக்கொடுக்கவே பல இடங்களில் மனம் வருவதில்லை. இலகுவான வேலையில் கழியும் நேரத்துக்கும் அதே கூலி, புது வேலையைப் பழகும் நாட்களுக்கும் முழுச் சம்பளம் என்று எழுத்தில் தந்துவிட்டு, அதன் பிறகு நிர்வாகங்கள் சுழற்சி அட்டவணையைத் தயாரிக்கட்டும்.