ஸ்கூபா டைவிங்: பாதிப் பயிற்சியோடு இடம் மாறினால் சான்றிதழ் கார்டு யார் தருவார்?

"சென்னையில் குளப் பயிற்சி, அந்தமானில் கடல் டைவ் என்று பிரித்தால், முதல் பயிற்றுநர் மனது வைத்தால்தான் கார்டு, இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பி.ஏ.டி.ஐ. (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் தொடக்கநிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸைப் பொறுத்தவரை இது சரியில்லை.

கடலில் மொத்தம் 4 டைவ். கடைசி டைவை நடத்தி, எல்லாத் தேவைகளும் நிறைவேறியதா என்று பார்க்கும் பயிற்றுநர்தான் சான்றளிக்கிறார். முதல் பயிற்றுநர் தர வேண்டியது ரெஃபரல் படிவம்: எந்தப் பாடம், எந்தக் குளப் பயிற்சி, தேதி, கையெழுத்து. நீங்கள் கடைசியாக முடித்த பகுதியிலிருந்து 12 மாதம் வரை அது செல்லும். தேதி போடாத படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

புதிய பயிற்றுநர் உங்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் முன் சோதித்துப் பார்ப்பார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் என்னை ஆழமில்லாத தண்ணீரில் மண்டியிடச் சொல்லி, மாஸ்க்கைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். குளத்தில் சுலபமாகச் செய்ததுதான், உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் திணறிவிட்டேன். அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் செய்தோம்.

முதல் பயிற்சியின் கட்டணத்தில் தகராறு இருந்தால் அது வேறு விஷயம். அதை அந்தப் பயிற்சி தந்த டைவ் கடையோடு பேசித் தீர்க்க வேண்டும். முடித்த பயிற்சி அதனால் இல்லாமல் போய்விடாது.