சேமிக்கத் தெரியாதவர்கள் என்று எதை அளந்து சொல்கிறீர்கள்?

“நம்ம ஆளுங்களுக்குச் சம்பாதிக்கத் தெரியும், சேர்த்து வைக்கத் தெரியாது.” மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்பட்டணத்தில் இந்தப் பேச்சு கல்யாண மண்டபத்திலும் காதில் விழும், கோயில் கூட்டத்திலும் விழும். சொல்கிறவர் வெளியாள் இல்லை, நம்மில் ஒருவர்தான். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. ஒரு குடும்பம் எவ்வளவு சேமிக்கிறது என்று கண்டுபிடிப்பது பொருளாதாரத்திலேயே வழுக்குகிற வேலைகளில் ஒன்று. அந்த வேலையைச் செய்யாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் “மாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள்?” என்று கேட்டு அந்தப் பதிலை அப்படியே நம்பி எழுதிக்கொள்வதில்லை. வரவைக் கேட்கிறார்கள், செலவைக் கேட்கிறார்கள், கழித்து மிச்சத்தைச் சேமிப்பு என்கிறார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. கணவன் மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 1,700 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 3,400. ஓய்வுக்காலச் சேமநிதிப் பிடித்தத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். உண்மையான செலவு 3,100, மிச்சம் 300. வரவை 5 விழுக்காடு குறைத்துச் சொன்னால் 3,230 ஆகும். செலவை 5 விழுக்காடு கூட்டிச் சொன்னால் 3,255 ஆகும். 300 வெள்ளி சேமித்த குடும்பம், ஏட்டில் 25 வெள்ளி கடனில் நிற்கிறது! இரண்டு பக்கமும் சின்னப் பிசகுதான். கழிக்கும்போது அது சேமிப்பையே விழுங்கிவிடுகிறது.

செலவை எப்படிக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். “மாதம் மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் தொகை குறைவாக வரும். அரிசி, மீன், பெட்ரோல், பள்ளி வேன் என்று பொருள் பொருளாகக் கேட்டால் கூடும். எத்தனை நாள் கணக்கு என்பதில் இந்தியா பட்ட பாடு பெரிய பாடம். அங்கே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை 30 நாளுக்குக் கேட்பது வழக்கம். 1990களின் சோதனைச் சுற்றுகளில் 7 நாளுக்குக் கேட்டுப் பார்த்தார்கள். செலவு கூடி வந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிடும். 1999–2000 சுற்றில் இரண்டு கேள்வியையும் ஒரே படிவத்தில் வைத்தார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்ததால், பழைய சுற்றுகளோடு ஒப்பிடவே முடியாமல் போனது. 2015இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அந்தச் சிக்கலைப் பிரித்தெடுக்கப் பெரும் உழைப்பைப் போட்டவர்.

நம் நாட்டிலும் பாருங்கள். 2016இல் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றார்கள். 2020இல் குடும்ப வறுமைக் கோட்டை 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு உயர்த்தி, புதிய முறையில் அதே 2016ஐக் கணக்கிட்டபோது 7.6 விழுக்காடு வந்தது. அதே வருடம், அதே மக்கள், அதே சோற்றுப்பானை.

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். மளிகைக்கடையின் 555 புத்தகம் தெரியாதவர் இங்கே உண்டா? உள்ளங்கை அகலம், நீலக்கோடு போட்ட தாள், தேதி, பொருள், தொகை. 10ஆம் தேதி அரிசி எடுக்கிறோம், அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் 7ஆம் தேதி வாக்கில் பாக்கியைக் கட்டுகிறோம். எடுத்த நாள் செலவா, கட்டிய நாள் செலவா? கணக்கெடுப்பில் பொதுவாக எடுத்த நாளைத்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் எழுதுகிறவர் கட்டிய நாளை எழுதுவார். சில வீடுகளில் இரண்டும் எழுதப்பட்டு, ஒரே மூட்டை அரிசி இரண்டு தடவை செலவாகும். பண்டிகை மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். தீபாவளித் துணியின் பாக்கி மூன்று மாதம் இழுக்கும்.

இன்னொரு விஷயம் அடிக்கடி தப்பிப்போகிறது. தோட்ட வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, நாலு கோழி இருந்தன. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. அவை எல்லாம் வருமானம்தான், காசாக வராத வருமானம். முறையான ஆய்வு அதற்குச் சந்தை விலை போட்டு வரவிலும் செலவிலும் சேர்க்கும். அதே குடும்பம் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரையைப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறது. சாப்பிடுவது அதே கீரை. ‘டவுனுக்கு வந்ததும் செலவாளி ஆகிட்டாங்க’ என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்று இதை வைத்துப் பாருங்கள்.

கூட்டு, அதாவது சீட்டு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி, மாதம் ஒருவர் 2,000 எடுக்கிறார். மூன்றாம் மாதம் எடுத்தவர் அதுவரை போட்டது 600. மீதி 1,400 மற்றவர்கள் கொடுத்த வட்டியில்லாக் கடன். அடுத்த ஏழு மாதம் அவர் கட்டுவது கடனடைப்பு. கடைசி மாதம் எடுப்பவருக்கோ, கட்டிய ஒவ்வொரு 200 வெள்ளியும் சேமிப்பு. ஆக, ஒரே கூட்டில் ஒரே தொகை ஆளுக்கொரு பொருளில் போகிறது. கேள்வித்தாளில் என்ன நடக்கிறது? 200 வெள்ளி ‘இதர செலவு’ என்று போகும், 2,000 வெள்ளி ‘இதர வரவு’ என்று வரும். இரண்டுமே தப்பு.

அதுவும் வாயைத் திறந்து சொன்னால்தான். இந்நாட்டில் 1971ஆம் ஆண்டிலிருந்து கூட்டு நிதித் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ உட்கார்ந்திருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். முன்பே எடுத்துக்கொண்டு ஓடியவர்களால் அழிந்த குடும்பங்கள் உண்டு என்பதால் அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அரசாங்க அட்டை தொங்கவிட்டு வருகிறவரிடம் எந்த அக்காவும் கூட்டைப் பற்றிப் பேசமாட்டார். நம் சேமிப்பில் பெரிய துண்டு ஒன்று ஏட்டில் ஏறாமலே போவது இப்படித்தான்.

பிறகு ஏன் கூட்டில் சேர்கிறார்கள்? தனியாக மாதம் 200 வெள்ளி சேர்த்தால் 2,000 வெள்ளிச் சாமான் பத்தாவது மாதம்தான் கைக்கு வரும். கூட்டில் சீட்டுக் குலுக்கினால் சராசரியாக ஐந்தரை மாதத்தில் வரும், கடைசி ஆளைத் தவிர எல்லோருக்கும் முன்கூட்டியே. பெஸ்லி, கோட், லௌரி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 1993இல் இதைக் கணித வடிவில் எழுதினார்கள். 2002இல் ஆண்டர்சன், பாலான் இருவரும் கென்யாவின் கிபேரா குடியிருப்பில் வேறொரு காரணத்தைக் கண்டார்கள். அங்கே கூட்டில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் காசு இருந்தால் கணவன் கேட்பான், கூட்டில் போட்டுவிட்டால் கேட்க முடியாது. நம் ஊர் அக்காமாருக்கு இதை யாரும் ஆராய்ந்து சொல்லத் தேவையில்லை.

தங்கமும் அப்படியே. சங்கிலி வாங்கினால் ஏட்டில் அது நுகர்வுச் செலவு. அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போய், வட்டி கட்டி மீட்கும் குடும்பத்துக்கோ அதுதான் வங்கி.

இனி சேமநிதி, முன்பு விட்டுவைத்த அந்தப் பிடித்தம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆளுக்கு 408, இரண்டு பேருக்கு 816. ‘மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சலை’ என்கிற வீடு மாதம் 816 வெள்ளி ஒதுக்குகிறது! கையில் வராததால் வரவாகவும் தெரிவதில்லை, சேமிப்பாகவும் தெரிவதில்லை. 2024 மே மாதத்திலிருந்து இதில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. கை எட்டாத இடத்தில் இருந்ததுதான் அந்தக் காசின் காவல், அதைத் திறந்து விட்டது எனக்குக் கவலைதான். சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்தா சேமிக்கத் தெரியாது என்கிறோம்?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது, காசு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. ‘குடும்பம்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அது மறைந்துவிடும். பிரிட்டனில் 1970களின் கடைசியில், அப்பாவின் சம்பளத்தில் கிடைத்த பிள்ளை வரிச்சலுகையை நிறுத்தி, அம்மா கையில் பிள்ளைப் பணமாகக் கொடுத்தார்கள். 1997இல் லண்ட்பர்க், பொலாக், வேல்ஸ் அந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள். ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகள் துணிக்கான செலவு கூடியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் உதவித்தொகை பாட்டி கையில் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியது, தாத்தா வாங்கிய வீடுகளில் அந்த மாற்றம் இல்லை. பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்ளோ 2003இல் எழுதியது அது. 2025 ஆகஸ்டு 31 முதல் இங்கே 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனின் மைகார்டு அடையாள அட்டையிலும் 100 வெள்ளி ‘சாரா’ என்ற அத்தியாவசியப் பொருள் உதவி ஏறியது. மனைவி அட்டையில் தனி, கணவன் அட்டையில் தனி. மற்ற உதவிகள் ஒருவர் கணக்கில் மொத்தமாக வந்தபோது வாங்கியதும் இதில் வாங்கியதும் ஒன்றுதானா என்று தோட்டப்பட்டணங்களில் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சமூக இயக்கங்கள் இதைத் தொடங்கலாம், பெரிய செலவு இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு 555 புத்தகம் கொடுங்கள், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. தனித்தனியாக எழுதட்டும், எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள். தேதி, பொருள், தொகை, ரொக்கமா பாக்கியா, யாருக்காக என்று ஐந்து கட்டம் போதும். பழைய பாக்கி கட்டினால் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டு, நகை, அடகு, சேமநிதி நான்கும் நடுப்பக்கத்தில், செலவோடு கலக்காமல். முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள், மூன்றாம் வாரம் கை தளரும். அதனால் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவசியம். ஒரே மாதத்தோடு நிறுத்தாமல் தீபாவளி மாதம், பள்ளி திறக்கும் மாதம், மழையில் பால்வெட்டு நின்றுபோகும் மாதம் மூன்றையும் எடுங்கள்.